பேச்சியக்காவின் வரப்பு

படித்ததை எல்லாம் ஒரே நாளில் காட்டிவிடத் துடித்தவன் நான். எண்பதுகளின் தொடக்கம். செல்லூர்த் தறிச் சத்தத்தில் வளர்ந்துவிட்டு, சோழவந்தான் பக்கம் விவசாயிகளுக்கு யோசனை சொல்லும் வேலையில் சேர்ந்தேன். (நெல்லை மூட்டையில்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.)

முத்தையா அண்ணன் வயலை மாதிரி வயலாகப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, வயல்னா நெல்லு மட்டும்தான் இருக்கணும். வரப்புல உள்ளதெல்லாம் உரத்தைத் திங்கும்" என்று போகும்போதெல்லாம் ஓதுவேன்.

அவர் தலையைச் சொறிவார். "வயலுதான் என்னுது சார். வரப்பு அவளுது. நான் வாயத் தொறக்க முடியுமா?"

அவள் என்றால் அவர் மனைவி பேச்சியக்கா. நான் ஏதோ கேலி என்று நினைத்தேன். அக்கா வைத்த தட்டப்பயறுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இம்புட்டு நல்ல பயறு எந்தக் கடையிலக்கா வாங்குறீக?" என்று கேட்ட அறிவாளி அல்லவா! அக்கா சிரித்ததோடு சரி.

மேலதிகாரி வயலைப் பார்க்க வரும் நாள் வந்தது. அவர் எழுதும் குறிப்பை வைத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும். காலையிலேயே போனேன். இருவரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அரிவாளை எடுத்தேன், வரப்பில் ஒரு செடி விடாமல் அறுத்துத் தள்ளினேன். உள்ளங்கை கொப்பளித்தது. பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்த அக்கா வரப்பைப் பார்த்தார். நேரே அடுப்படிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மதியம் அதிகாரிக்கும் எனக்கும் இலை போட்டார். சோறு வந்தது. காத்திருந்தோம். வேறெதுவும் வரவில்லை.

"குழம்பு இல்லையாம்மா?" என்றார் அதிகாரி.

"இந்த சார்தான்யா நெல்லு மட்டும் போதும்னாக. அதான் சோறு மட்டும் வச்சேன். குழம்பு, ஆட்டுக்குத் தழை, அம்புட்டும் வரப்புல இருந்துச்சு. காலையில அறுத்துட்டாக."

"ஏ பேச்சி, சும்மா இரு" என்று அண்ணன் பதறினார். வேலை போயே போச்சு என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "வரப்பில் என்ன இருந்தது தம்பி?"

"செடி சார்."

அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "அந்தச் செடி மறுபடி காய்க்கட்டும். வந்து பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதுகிறேன்."

அப்போது அக்கா உள்ளிருந்து குழம்புச் சட்டியைக் கொண்டுவந்தார். முந்தின நாள் பறித்த பயறு. "என்ன இருந்தாலும் வீட்டுக்கு வந்த புள்ளைய வெறுஞ்சோத்தோட அனுப்புவேனா? சாப்புடுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மறுசோறு வாங்கினேன்.

அந்த வரப்பில் நானே பயறு ஊன்றினேன். வேலையும் நிலைத்தது. விளாங்குடியில் நடந்த என் கல்யாணத்துக்கு ஒரு பை தட்டப்பயறோடு வந்த அக்கா, கதை முழுவதையும் மணப்பெண்ணின் காதில் ஓதிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நான் வீட்டில் அதிகாரம் பண்ணினால் என் தட்டில் வெறுஞ்சோறுதான் விழும். நேற்றும் விழுந்தது. மகள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "என்னப்பா, அம்மா வரப்புல கை வச்சிட்டீகளா?"