பெட்டியைத் திருப்பிக் கேட்க வந்தவர்

மனிதர்கள் பொய், அவர்கள் சாமான் வந்த பெட்டிதான் மெய் என்று மனதார நம்பி வாழ்ந்த ஒரே ஆள் ஜொகூர் முழுக்க எங்கள் பெட்டிக் கிராணிதான். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா; நான் ஆபீஸ் கிராணி. கித்தா என்கிற ரப்பரின் விலை பாதாளத்துக்குப் போயிருந்த காலம். இன்றைக்கு யாருக்கு வேலை போகும் என்பதைத் தவிர ஆபீஸில் வேறு பேச்சே கிடையாது. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது, காலையில் எழுந்தால் எழுந்ததே தப்பு என்று தோன்றும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனுஷன் பால் டின் வந்த அட்டைப்பெட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தால் பார்ப்பவனுக்கு வயிறு எரியுமா எரியாதா? எனக்கு எரிந்தது.

ஆமாம், இஸ்திரிதான். மரப்பெட்டிகளுக்கு நடுவே அட்டைப்பெட்டியும் எங்கள் பக்கம் மெல்லத் தலைகாட்டிய புதிது. மற்றவர்கள் அதைக் கிழித்து அடுப்புப் பற்றவைத்தார்கள். இவர் ஒட்டை நோகாமல் பிரித்து, தட்டையாக்கி, சுருக்கம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டு, கரி இஸ்திரியை மெல்ல ஓட்டுவார். கிழிந்த மூலைக்கு மரவள்ளி மாவில் பசை காய்ச்சுவார். அந்த இஸ்திரி ஒரு நாளாவது அவர் சட்டைமேல் பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு தடவை சின்ன துரைக்குச் சிங்கப்பூரிலிருந்து கிராமபோன் வந்தது. அது வந்த பெட்டிக்காக இவர் சாயங்காலம் தவறாமல் பங்களா வாசலில் போய்க் கைகட்டி நிற்க ஆரம்பித்தார். வாயைத் திறக்கவில்லை. வேலை போகிற காலத்தில் ஒரு கிராணி வந்து பேசாமல் நின்றால் துரை என்ன நினைப்பார்? சம்பளத்தைப் பற்றித் தகராறு பண்ண வந்திருக்கிறான் என்று பயந்து, பார்க்காததுபோல் உள்ளே போய்விடுவார். கடைசியில் பொறுக்க முடியாமல், என்னதான் வேண்டும் உனக்கு என்று கத்தினார். இவர் மூலையில் கிடந்த பெட்டியைக் காட்டினார். துரை அதைத் தூக்கிக் கொடுத்ததோடு, நிம்மதியில் கையையும் பிடித்துக் குலுக்கினார் என்று பங்களா சமையற்காரர் சொன்னார்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததைப் பூட்டி வைக்கிற ஆளும் இல்லை. யாருக்காவது மாற்றல் வந்தால் பெட்டிகளோடு முதலில் போய் நிற்பவர் இவர்தான். சும்மா கிடந்தால் பூச்சி அரித்துவிடுமாம், பெட்டி என்றால் வேலை செய்ய வேண்டுமாம். ஆனால் சட்டதிட்டங்கள் உண்டு. கருவாடு கூடாது. பெலாச்சான் என்கிற இறால் விழுது கூடவே கூடாது. மேலே எதையும் எழுதக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பெட்டி திரும்பி வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் அவரே போவார்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் குளுவாங்குக்கு மாறிப் போனபோது இதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்த டிரசரும் மனைவியும் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் போய் இறங்கி, சாமானை எல்லாம் கட்டில்மேல் கொட்டி, பெட்டிகளை மடித்துக் கட்டிவிட்டாராம். தன் ஸ்டெதாஸ்கோப் ரவைக்குள்ளிருந்து கிடைத்தது என்று டிரசர் பிறகு ஒருநாள் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

கடைசியில் என் தலையிலும் இடி விழுந்தது. வேலை போகவில்லை. இருந்ததைவிடச் சின்ன சம்பளத்தில், சிம்பாங் ரெங்கத்துக்கும் உள்ளே, கிட்டத்தட்ட மூடிவிட்ட ஒரு தோட்டத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். பெட்டிக் கிராணி பெட்டிகளோடு வந்தார். அவரே பாத்திரங்களை வைக்கோல் சுற்றி அடுக்கினார், அவரே கயிறு கட்டினார்.

புதுத் தோட்டத்தைப் பார்த்ததும் எனக்கே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை பொத்தல். ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதி வீடு காலி. ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். திறந்து கிடந்த அந்தக் கதவுகளை என் மனைவி செல்லம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு சட்டி, இரண்டு தட்டு, இதை மட்டும் வெளியே எடுத்தாள்.

“மத்ததெல்லாம் கட்டோட இருக்கட்டும். அப்படியே கப்பலுக்குத் தூக்கிக்கலாம்” என்றாள்.

சண்டை போட்டிருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன். சண்டையே இல்லை. ஊரிலிருந்த அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள், சிங்கப்பூருக்கு வந்து அழைத்துப் போகச் சொல்லி. நானும் கூடப் போக முடியாது, ஊரில் எனக்கு என்ன வேலை இருக்கிறது? போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் அந்தப் பெட்டிகளின் நடுவே பாய் விரித்துப் படுத்தோம், பெட்டிகளின் நடுவே சாப்பிட்டோம். கூரை ஒழுகியபோது பெட்டிகளை மட்டும் நகர்த்தி வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் முழங்கால்வரை சேற்றோடு பெட்டிக் கிராணி நின்றார். ரெங்கத்தில் ரயிலிறங்கி, ஒரு மாட்டுவண்டியில் பாதி தூரம் வந்து, மீதியை நடந்திருக்கிறார். சௌக்கியமா என்று கேட்கவில்லை. பெட்டி நனையலையே என்றுதான் கேட்டார்.

செல்லம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். பெட்டியைப் பிரிக்கவில்லை, பிரிக்கப் போவதுமில்லை, எல்லாம் அவளோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போகிறது.

அவர் முகம் செத்துவிட்டது. எங்கள் குடும்பம் இரண்டாகப் போகிறதே என்ற வருத்தம் என்று நினைத்து நெகிழ்ந்து போனேன். அப்போது அவர் கேட்டார்:

“உங்க ஊரு ஸ்டேஷன்லேருந்து எவ்வளவு தூரம்மா?”

அடப்பாவி மனுஷா! பெட்டியை வாங்க ஊருக்கே போகக் கணக்குப் போடுகிறார். செல்லம்மாவும், எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்த வாய்க்காலைத் தாண்ட வேண்டும் என்று மரியாதையாக வழி சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது.

“கப்பல் அடித்தட்டுல ஒரே ஈரம்மா. அட்டை தாங்காது, சாமானும் வீணாப் போயிடும். நான் மரப்பெட்டி கொண்டாந்து தர்றேன், அதுல கட்டிக்கிட்டுப் போங்க. இப்ப இதை அவுத்துடுவோம்.”

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. சரி என்றாள். அவர் கயிற்றை அவிழ்த்தார்.

அந்த ஆளுக்குப் பெட்டியைப் பற்றித் தெரிந்ததில் ஒரு பங்குகூடப் பெட்டிக்குள் இருப்பதைப் பற்றித் தெரியாது. முருகன் படத்தை எடுத்து என் பழைய பூட்ஸுக்குப் பக்கத்தில் சாத்தினார். மஞ்சள்தூள் டப்பாவை மண்ணெண்ணெய் விளக்கோடு வைத்தார். செல்லம்மா ஐயையோ என்று ஓடிவந்து படத்தைத் தூக்கினாள். தூக்கின படத்தை எங்கே வைப்பது? ஆணி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அதற்குள் அவர் அரிசிப் பானையை ஒழுகுகிற இடத்துக்கு நேராக வைத்துவிட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அதை அடுப்பங்கரைக்கு எடுத்துப் போனாள், பின்னாலேயே அவர் அம்மியைத் தூக்கிக்கொண்டு போனார். மத்தியானம் அவள் குழம்பு வைத்தாள். சட்டியில் ஏதோ ஒன்று வேகவைத்துத் தின்றுகொண்டிருந்த எனக்கு, தாளிக்கிற வாசனை வந்ததும் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் பெட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். சில்லறைச் சாமானுக்கு இருக்கட்டும் என்று ஒன்றை மட்டும் விட்டுப் போனார். கிராமபோன் வந்த பெட்டி.

மரப்பெட்டி வரவே இல்லை. அவர் மறந்தாரா, வேண்டுமென்றே கொண்டுவரவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தத் தலைக்குள் அவ்வளவு தந்திரம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. செல்லம்மாவும் மரப்பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் அண்ணன் இந்த மாதம் வசதிப்படாது என்று சொல்லி அனுப்பினார், அவளும் சரி என்றாள். எனக்கு முன்னால் இங்கே இருந்த கிராணி விட்டுப் போன கோழி ஒன்று விறகுக் குவியலில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன், கிராமபோன் பெட்டியில் வைக்கோல் பரப்பி அந்தக் கோழியை அடைக்கு வைத்திருக்கிறாள். கப்பலேறப் போகிறவள் கோழியை அடைக்கு வைப்பாளா? கேட்டுத் தொலைத்துவிடக் கூடாது என்று வெளியே போய் நின்றுகொண்டேன்.

பெட்டிக் கிராணி மீதிப் பெட்டிக்காக வந்தபோது குஞ்சு இன்னும் பொரிக்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். எச்சமும் வைக்கோலுமாகப் பெட்டி இருந்த லட்சணத்துக்கு அவர் மயங்கி விழுவார் என்று சொம்பில் தண்ணீரோடு தயாராக நின்றேன். கோழி அவர் விரலைக் கொத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இருக்கட்டும்மா. பெட்டி எங்க போகுது” என்றார்.

சாப்பாடு போட்டு, ரெங்கம் ஸ்டேஷன்வரை நானே கூடப் போனேன். அடுத்த தடவை பெட்டிக்காக இல்லாமல் சும்மா வாங்க என்றேன். சும்மா எப்படி வர்றது என்று திருப்பிக் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. ஒன்றும் வாங்குவதற்கில்லாமல் ஒரு வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. ரயில் ஏறும்வரை அதையே யோசித்துக்கொண்டு நின்றார்.

மறுநாளே கடைத்தெருவுக்குப் போய், கிழியாத பிஸ்கட் பெட்டியாக ஒன்று பார்த்து வாங்கி வந்து வீட்டில் வைத்தேன். அவர் வரவேண்டுமே.