இடுப்பில் நிற்காத கயிறு

விடிந்து எழுந்த வீரமுத்து இடுப்பைத் தடவினான். அருணாக்கயிறு இல்லை. செத்த மண்புழு மாதிரி பாயில் கிடந்தது.

அவன் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. ஆண்பிள்ளை இடுப்பில் அந்தக் கறுப்புக் கயிறு இல்லாமல் போவது சுடுகாட்டில்தான், பிணத்துக்குத்தான் அறுப்பார்கள். பெரியப்பாவுக்கு உயிரோடு இருக்கும்போதே, தூக்கத்தில் அறுந்தது. அப்பாவுக்கும் அப்படியே. பிறகு இருவரையும் சர்க்கரை வியாதி காலில் தொடங்கித் தின்று முடித்தது.

அம்மா சாலம்மாள் கயிற்றை எடுத்துப் பார்த்தாள். "உங்கப்பனுக்கும் இப்பிடித்தான்" என்று மட்டும் சொன்னாள்.

மனைவி ராதிகா, ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்த்துவிடலாம் என்றாள். வீரமுத்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கொஞ்ச காலமாக வண்டியைத் திருப்பினால் ஹேண்டில்பார் வயிற்றில் இடிக்கிறது. கையும் காலும் குச்சி, சேர்ந்ததெல்லாம் நடுவில்.

"அது தொப்பை இல்ல, காத்து."

பார்த்தால்தான் வியாதி, பார்க்காதவரை இல்லை என்பது அவன் கட்சி. புதுக் கயிற்றை இரட்டையாகத் திரித்துக் கட்டினான். அடுத்த வாரம் அதுவும் பாயில் கிடந்தது.

கல்வராயன் மலைமேல் ஒரு பூசாரியிடம் ஓடினான். அப்பன் ஆவி பசியோடு அலைகிறது என்றார் அவர். மந்திரித்த கயிற்றைக் கட்டிவிட்டு, தினமும் வெறும் வயிற்றில் அப்பன் பெயரைச் சொல்லிச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிடச் சொன்னார். வீரமுத்து குறை வைக்கவில்லை. அப்பன் பசி அடங்கியதோ என்னவோ, மகன் வயிறு ஹேண்டில்பார்மேல் ஏறி உட்கார்ந்தது. ஆட்டோவில் வந்த ஒரு கிழவி, டிரைவருக்கு எத்தனை மாதம் என்று பக்கத்தில் இருந்தவளை விசாரித்தாள்.

மந்திரித்த கயிறும் அறுந்தது.

அதன்பிறகு பட்டப்பகலிலேயே ஆட்டோக் கண்ணாடியைப் பார்க்கப் பயந்தான். வண்டி காலியாக வரும்போதும் பின்சீட்டில் ஆள் இருந்தது. முகம் தெரியவில்லை, ஒற்றைக் கால் மட்டும் தெரிந்தது. திரும்பினால் யாரும் இல்லை. சீட்டு மட்டும் அழுந்தியிருந்தது.

மூட்டை கட்டும் நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டி, முடிச்சைத் தீயில் உருக்கினான். இதை யாராலும் அறுக்க முடியவில்லை. கயிறுதான் அவனை அறுத்தது. பொங்கல் தின்ற வயிறு அதன்மேல் சரிந்து, தோல் கிழிந்து, புண்ணின் ஓரம் கறுத்தது. அப்பாவின் கால் கட்டைவிரலில் முதலில் வந்த அதே கறுப்பு.

"இது ஆறலன்னா இன்னா பண்ணுவீங்க?" என்றாள் ராதிகா.

மலைக்குக் கிளம்பியவன் ஆட்டோவை ஆஸ்பத்திரிக்கு விட்டான். பெண்கள் இருவரும் கூடவே ஏறிக்கொண்டார்கள்.

நர்ஸ் கயிற்றை வெட்டி எறிந்து மருந்து வைத்தாள். ரத்தம் பார்த்த டாக்டர், சர்க்கரை வாசலில் நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை என்றார். அப்பன், பெரியப்பன் இருவருக்கும் இருந்த வீட்டில் இந்த வயிறு கதவைத் திறந்து வைத்த மாதிரி. இதைக் கரைத்தால் வியாதியைத் தள்ளிப்போடலாம், வராமலேகூடத் தடுக்கலாம். புண் ஆறிவிடும்.

வெளியே வந்ததும் வீரமுத்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அப்பாதாம்மா. அவருதான் கயிற அறுத்து அறுத்து என்ன இங்க இட்டாந்து வுட்டாரு."

சாலம்மாள் வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள்.

"அந்தாளு எங்கடா அறுத்தாரு? ராதிகாவ அறுக்கச் சொன்னது நானு. உங்கப்பனுக்கும் நான்தான் அறுத்தேன், பெரியப்பனுக்கு உங்க பெரியம்மா அறுத்தா. பயந்துகினு ஆஸ்பத்திரிக்குப் போவாங்கன்னு பாத்தா, ரெண்டு பேரும் பூசாரிகிட்ட போய்ட்டாங்க."