வெள்ளைக் கொக்குக்கு நான் சொன்ன பொருள்

பாளையங்கோட்டை,
1912 ஆகஸ்டு 23, வெள்ளிக்கிழமை

கர்த்தருக்குள் அன்பான ஏட்டு அப்பாத்துரைச் சித்தப்பா அவர்களுக்கு, தங்கள் அண்ணன் மகள் கெசியா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் எழுதி அந்தப் பாவத்தையும் சேர்த்துக்கொள்ள மனமில்லை. அங்கே தாங்களும் சாலோமிச் சித்தியும் சுகமாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. இந்தக் கடிதத்தைத் தாங்கள் ஸ்டேஷனில் வைத்து வாசிக்க வேண்டாம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, உடுப்பைக் கழற்றிவிட்டு, சித்தப்பாவாக மட்டும் வாசிக்க வேண்டும். ஏட்டாக வாசித்தால் என்னைப் பிடிக்க வேண்டிவரும். அதற்கு முன்னால் தங்களையே பிடிக்க வேண்டிவரும்.

போன மாதம் சித்தி கருப்பட்டி கொடுத்தனுப்பினாள் அல்லவா, அதை ஒரு பழைய பத்திரிகைத் தாளில் பொதிந்திருந்தாள். அந்தத் தாளில் ஒரு பாட்டு இருந்தது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் ஓர் உத்தரவு போட்டார். உபாத்தியாயினிகளாகப் போகிற பெண்கள் பழைய செய்யுளையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தால் போதாது, ஆளுக்கு ஓர் இக்காலத்துப் பாட்டைத் தேடியெடுத்து வகுப்பின் முன்னால் வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்றார். தமிழ்ப் பண்டிதர் ஆவுடைநாயகம் பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "இக்காலத்துல பாட்டு எங்க இருக்கு? பாட்டெல்லாம் முடிஞ்சு நானூறு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டுப் பொடி போட்டுக்கொண்டார். ஜெபராணி ரயில் வண்டிச் சிந்து ஒன்றைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி வாந்திபேதிக் கும்மி கொண்டுவந்தாள். எனக்கு ஒன்றும் அகப்படாமல் கருப்பட்டித் தாளை எடுத்துக்கொண்டேன். பாட்டு இதுதான்:

வெள்ளைக் கொக்கே வெள்ளைக் கொக்கே
வேற்றுக் கடலின் கரைக்கொக்கே
பிள்ளைக் கென்று விட்ட மீனைப்
பேசாமல் நீ தின்றாயே
எங்கள் குளத்தில் ஒற்றைக் காலை
ஊன்றி நின்ற புதுக்கொக்கே
எங்கள் மடைக்கும் எங்கள் மழைக்கும்
எங்களிடமே வரிகேட்டாய்

சித்தப்பா, நான் இதைக் கொக்கு என்றுதான் நினைத்தேன். நம் ஊர்க் குளத்தில் எத்தனை கொக்கு பார்த்திருக்கிறேன். பழைய செய்யுளுக்கு உரையாசிரியர் இருக்கிறார், அவர் சொன்னதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். புதுப் பாட்டுக்கு உரை கிடையாது. பொருளை நாமே சொல்ல வேண்டும், சொன்ன பொருளுக்கு நாமே பொறுப்பு. பழம்பாட்டுக்குத் தப்பாகப் பொருள் சொன்னால் பிரம்படி, புதுப் பாட்டுக்குச் சரியாகப் பொருள் சொன்னால் ஜெயில் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

நான் வாசிக்கவேண்டிய அன்றைக்கென்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பட்டாபிராமையர் வந்து மிஸ்ஸியம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பாட்டை வாசித்தேன். கொக்கின் அலகு, கால், பொறுமை எல்லாவற்றையும் விளக்கினேன். வரி என்ற இடம் வந்ததும், "கொக்கு வரி கேட்பது உலகத்தில் இல்லை. ஆகையால் கவி தம்முடைய கருத்தைப் பறவையின் மேல் ஏற்றிச் சொல்லுகிறார். இது தற்குறிப்பேற்ற அணி" என்றேன். பண்டிதர் கையிலிருந்த பொடி மூக்குக்குப் போகாமல் நடுவழியில் நின்றது. முன் பெஞ்சிலிருந்த ஜெபராணி, உதடு அசையாமல், "ஏட்டி, கொக்கு யாருன்னு தெரியலியா? எதுத்தாப்புல நாற்காலில இருக்கு பாரு" என்றாள்.

பார்த்தேன். மிஸ்ஸியம்மாள் வெள்ளைக் கவுனில், ஒரு காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். போன வருஷம் மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் துரையைச் சுட்ட காரியத்துக்குப் பிறகு இந்த ஜில்லாவில் ஆட்கள் வீட்டுக்குள்ளே கூடப் பையத்தான் பேசுகிறார்கள் என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். மிஸ்ஸியம்மாளோ முகம் மலர்ந்து, "மிக நன்று. கொக்கு எனக்குப் பிரியமான பறவை. இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி பரிசளிப்புக்குச் சப்கலெக்டர் துரை வருகிறார். நம் மாதிரிப் பள்ளிச் சிறு பிள்ளைகள் காகிதச் சிறகு கட்டிக்கொண்டு இதைப் பாடுவார்கள்" என்றார்.

பண்டிதருக்கும் புரிந்துவிட்டது, இன்ஸ்பெக்டருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் இது கொக்கு இல்லை என்று யார் வாய் திறக்கிறார்களோ, வெள்ளைக்காரரைக் கொக்கு என்று சொன்னவர் அவராகிவிடுவார். கடைசியில் இன்ஸ்பெக்டர், "அந்தக் கடுதாசியை இப்படிக் குடும்மா, எங்கேர்ந்து கெடச்சது?" என்று வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தில் போலீஸ் முத்திரையும், 'கைப்பற்றிய தாள் ஏழு' என்று பெயரில்லாமல் தாங்கள் கைப்பட எழுதிய எழுத்தும் இருந்தன. நானே அதை அப்போதுதான் பார்த்தேன். சித்தப்பா, கைப்பற்றிய தாளில் எந்த வீட்டிலாவது கருப்பட்டி பொதிவார்களா? சித்தியை வையாதீர்கள், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் தாங்கள் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம்.

தங்கள் பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. போலீசார் தம்மைச் சோதிக்க என்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டார். தாளை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தந்து, "நான் ஒண்ணும் கேக்கலை. ஒண்ணும் பாக்கலை. பாடம் திருப்தி, பரம திருப்தி" என்று சொல்லித் தலைப்பாகையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

அன்று முதல் எல்லாருக்கும் என்னைக் கண்டு பயம். 'ஏளா கெசியா' என்று கூப்பிடும் பண்டிதர் இப்போது, "வாங்கம்மா, உக்காருங்க" என்கிறார். தனியே கூப்பிட்டு, "அம்மா, நான் பழைய நூலைத் தவிர வேற ஒண்ணும் தொட்டதில்ல. அதையும் மேலே எழுதும்போது சேத்து எழுதிருங்க" என்று கும்பிட்டார். நான் உளவுக்காரி இல்லை என்று சொன்னால், "உளவுக்காரங்க அப்படித்தான் சொல்லுவாக" என்கிறார். நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. சமையற்காரி எனக்கு மட்டும் பெரிய மீன்துண்டு வைக்கிறாள். உள்ளபடி நான்தான் எல்லாரையும்விடப் பயந்துகொண்டிருந்தேன். அங்கே சிறு பிள்ளைகள் மைதானத்தில் சிறகு கட்டிக்கொண்டு "வரிகேட்டாய், வரிகேட்டாய்" என்று ஆடிப் பழகுகிறார்கள்.

பொறுக்கமாட்டாமல் பரிசளிப்புக்கு முந்தின நாள் மிஸ்ஸியம்மாள் அறைக்குப் போய், "அம்மா, அந்தக் கொக்கு கொக்கு இல்ல" என்றேன்.

"பின்னே என்ன?"

"சொல்லப் பயமாயிருக்கு."

"பயப்படாதே, சொல்."

"வெள்ளைக்காரங்களைச் சொல்லுதாங்கம்மா. துரைமாரை."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "என்னையுமா?" என்றார்.

"நீங்க வரி கேக்கலியம்மா."

"மீன்?"

"மீன் சாப்பிடுவீங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அப்படியானால் இது தற்குறிப்பேற்றம் அல்ல, பிறிதுமொழிதல். உன் விளக்கம் தவறு. இரண்டு மதிப்பெண் குறைக்கிறேன்" என்றார். குறிப்பேட்டில் குறைத்தும் விட்டார். பிறகு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். இது வெளியே தெரிந்தால் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிடுவார்கள் என்று மெல்லச் சொன்னார். கதவுத் தாழ்ப்பாளையும் இழுத்துப் பார்த்தார். சித்தப்பா, வெள்ளைக்காரர்களும் சர்க்காருக்குப் பயப்படுவார்கள் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். ஏனோ அதைக் கண்டதும் என் பயம் பாதியாகிவிட்டது.

பரிசளிப்பில் பிள்ளைகள் கொக்குப் பாட்டுக்குப் பதிலாகக் காலைத் துதிப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று மூச்சு விட்டேன். துரை வண்டியில் ஏறுகிற சமயம், சிறகை அவிழ்க்க மறுத்த இரண்டு குட்டிகள் கையை அடித்துக்கொண்டு "வெள்ளைக் கொக்கே" என்று ஆரம்பித்தன. ஆரம்பித்தவுடன் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். துரை சிரித்து, என்ன பாடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற தாசில்தாரைக் கேட்டார். தாசில்தார் பிள்ளைகளைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு, துரையவர்கள் நூறாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறார்கள் என்றார். துரை தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அதைப் பார்த்துப் பிள்ளைகள் இன்னும் உரக்கப் பாடினார்கள்.

அந்தத் தாளை அன்றைக்கே சமையலறை அடுப்பில் போட்டு, சாம்பலையும் கிளறிவிட்டேன். இனிமேல் இக்காலத்துப் பாட்டு ஒன்றையும் தொடுவதில்லை என்று முழங்காலில் நின்று தீர்மானம் செய்திருக்கிறேன். அப்படியும் என்னைக் கைது செய்யத்தான் வேண்டுமென்று மேலிடத்து உத்தரவு வந்தால், தாங்களே நேரில் வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும். அந்நிய ஏட்டு வந்து கையைப் பிடித்தால் எனக்கு வெட்கமாயிருக்கும். இந்தக் கடிதத்தையும் எரித்துவிடுங்கள். அப்பாவுக்கு ஒன்றும் எழுதவேண்டாம். அந்த இரண்டு மதிப்பெண் குறைந்ததற்கு மட்டும் அணி இலக்கணம் காரணம் என்று சொல்லிக்கொள்ளுகிறேன். தங்களையும் சித்தியையும் ஸ்டேஷனையும் கர்த்தர் தமது செட்டைகளின் மறைவில் காப்பாராக.

இப்படிக்கு, நடுக்கத்தோடு,
தங்கள் மகளுக்குச் சமமான
கெசியா

பின்குறிப்பு: அந்தப் பாட்டு அந்தத் தாளோடு முடியவில்லை, அடியில் 'தொடர்ச்சி அடுத்த பக்கம்' என்று போட்டிருந்தது. கொக்கு பறந்து போயிற்றா, இன்னும் குளத்திலேயேதான் நிற்கிறதா என்று தெரியாமல் பாடத்தில் மனம் செல்லவில்லை. ஜெபராணியும் கேட்கிறாள், பண்டிதரும் நேற்றுப் பைய விசாரித்தார். ஸ்டேஷனில் எட்டாம் தாள் இருந்தால், சித்தியிடம் சொல்லி இன்னும் கொஞ்சம் கருப்பட்டி அனுப்பவும்.