செலக்ஷன் பாய் வாங்கிய மதர்போர்டு

உலகத்தில் எந்தப் பொருளைப் பார்த்தும் ‘சரி, இதுவே போதும்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லாத மனிதர் எங்கள் ஆலங்காயத்து செலக்ஷன் பாய் ஒருவர்தான். ஓட்டலில் தோசை வந்தால் முதலில் அதைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்ப்பார். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் பலாப்பழத்தை, விற்கிறவன் பஸ் போய்விடும் என்று கெஞ்சுகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் வாங்கவும் மாட்டார்.

அந்தப் பெயர் வாணியம்பாடி தோல் கம்பெனி கொடுத்தது. பதப்படுத்திய தோலைத் தரம் பிரிக்கிற வேலைக்கு அங்கே செலக்ஷன் என்று பேர். ஒவ்வொரு தோலாக மேஜையில் விரித்து, விரலால் தடவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடவேண்டும். மூன்றுக்கும் கீழே என்றால் பெருக்கல் குறி. பாய் அதிகம் போட்டது பெருக்கல் குறிதான் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். கண்ணில் புரை விழுந்ததும் வேலையை விட்டார். ஆனால் பழக்கத்தை யார் விடுவது? சட்டைப் பையில் சாக்பீஸ் அப்படியேதான் இருந்தது.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, ஜெராக்ஸ். பிற்பகல் அசரு தொழுகை முடித்து பாய் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார் என்றால் பொழுது சாய்ந்து மக்ரிபு தொழுகைக்குத்தான் எழுந்திருப்பார். ஒருநாள் முகூர்த்தப் பத்திரிகை பாதி அச்சாகும்போது என் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்து மதர்போர்டைக் கழற்றி வெளியே வைத்தான். நான் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன், பாய் அந்தப் போர்டை இரண்டு கையாலும் எடுத்து, வாசலுக்குப் போய், வெயிலில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் பார்க்கிறார்.

“இன்னாம்மா இது, முதுகுல இவ்ளோ வேலைப்பாடு இருக்குது!” என்றார்.

அன்றோடு தோல் போயிற்று, போர்டு வந்தது. போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டார். ப்ராசஸர் என்பது மூளை, மதர்போர்டு என்பது அது உட்காரும் இடம், எந்த மூளை எந்த இடத்தில் உட்காரும் என்று தெரியாமல் வாங்கினால் இரண்டும் தண்டம். இதை என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். ஆதார் கார்டை நகலெடுக்க வந்த கிழவர் ஒருவர் பாவம், சாக்கெட், பின், தலைமுறை எல்லாம் கேட்டுவிட்டு ஆதாரை மறந்து போய்விட்டார்.

ஊரில் யார் கம்ப்யூட்டரை மாற்ற நினைத்தாலும் பாயைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று ஆகிவிட்டது. கேட்டவர்கள் ஒருத்தரும் பாய் மூலமாக மாற்றவில்லை என்பது வேறு விஷயம். மலை மேல் புதூர்நாட்டிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் தன் பெட்டியைப் போர்வையில் சுற்றி பஸ்ஸில் கொண்டு வந்தார். பாய் அவரை வாணியம்பாடிக்குக் கூட்டிப் போய் கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு போர்டு மின்சாரம் பாய்ந்தால் சூடாகுமாம், ஒன்றில் பின்னால் மெமரி கூட்ட இடமில்லையாம். சும்மா சொல்லிவிட்டு வந்தாலும் பரவாயில்லை. விற்பனைக்கு இருந்த அட்டைப் பெட்டிகளின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரம் பாய் தெருமுனையில் தெரிந்ததும் ஒரு கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாராம். புதூர்நாட்டுக்காரர் அலைந்து அலுத்து, திருப்பத்தூரில் கண்ணில் பட்டதை வாங்கி மாட்டிவிட்டார். அது இன்றைக்கும் ஓடுகிறது. பாயிடம் சொன்னேன். ஓடும், ஆனால் மனசோடு ஓடாது என்றார்.

நான் மட்டும் லேசுப்பட்டவளா? என் கம்ப்யூட்டரை மாற்றியபோது மூச்சு விடவில்லை. வேலூரில் வாங்கி, பழைய பெட்டிக்குள்ளேயே புதுச் சாமான்களை வைத்து மூடிவிட்டேன். பாய் வந்தார், உட்கார்ந்தார், காதைச் சாய்த்தார். ஃபேன் சத்தம் மாறியிருக்கிறதே என்றார். அதற்கப்புறம் ஒரு வாரம் எதிர்க் கடையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. நஸ்ரின் கதை அப்படி இல்லை.

நஸ்ரின் பாயின் ஒரே மகள். பாயின் மனைவி காலமான பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். கட்டட வரைபடம் படித்த பெண். அவள் வீட்டு ப்ளானை முப்பரிமாணத்தில் போட்டுக் காட்டினால் சமையல் மேடையில் தண்ணீர் சொட்டுவதுபோல் இருக்கும். வாணியம்பாடி இன்ஜினியர் ஒருவர் அதைப் பார்த்து அசந்துபோய், என் வேலை முழுக்க உனக்கே தருகிறேன், வீட்டில் இருந்தே போட்டுக் கொடு என்றார். ஒரே ஒரு தடைதான். அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளைத் திறந்தால் அது திறந்து முடிவதற்குள் சோறு வெந்துவிடும். ப்ராசஸரும் போர்டும் மாற்றியே ஆகவேண்டும். பெங்களூரில் ஒரு கம்பெனியும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கே போனால் ஹாஸ்டல்.

மகளை ஹாஸ்டலுக்கு அனுப்ப பாய்க்குக் கொஞ்சமும் மனசில்லை. வூட்லயே ஆபீஸ் வெச்சித் தர்றேன், நீ எங்கயும் போவாத என்று சொல்லிவிட்டார். சொன்னவர் சும்மா இருக்கவில்லை. அலைந்தார், பார்த்தார், படித்தார், சென்னைக்கே போய் வந்தார். கடைசியில் ஒரு போர்டு வாங்கிவிட்டார்! அன்று எங்கள் கடையில் எல்லோருக்கும் அவர் செலவில் டீ. அட்டைப் பெட்டியின் மேல் சாக்பீஸால் ‘1’ என்று போட்டிருந்தார்.

அதோடு ஒரு ப்ராசஸரையும் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. போர்டை பீரோவில், மனைவியின் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தார். ப்ராசஸரைத் தேட ஆரம்பித்தார். இதைவிட நல்லது வரப்போகிறது என்று காத்திருந்தார். அது வந்தது. அதற்குள் அடுத்தது வரப்போகிறது என்று செய்தியும் வந்தது. நஸ்ரின் ஒருநாள் என் கடைக்கு வந்து, என் எதிரிலேயே அவரிடம் நிதானமாகச் சொன்னாள்.

“எனக்கு ரெண்டாம் நம்பரே போதும்ப்பா. இன்னிக்கி கெடைச்சா போதும்.”

உனக்கு ரெண்டாம் நம்பரா என்று பாய் பதறிப்போனார். அவளுக்கு மூன்றாம் நம்பர் சாமானாவது வாங்கிக் கொடுக்க எனக்கே கை பரபரத்தது. ஆனால் அப்பனும் மகளும் பேசுகிற இடத்தில் நான் யார் குறுக்கே போக?

இன்ஜினியரும் நல்லவர்தான், பொறுத்தார். ஆனால் வீடு கட்டச் சொன்னவர்களுக்கு அவர் பதில் சொல்லவேண்டுமே. நோன்புப் பெருநாளுக்குள் கம்ப்யூட்டர் தயாரானால் சரி, இல்லையென்றால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கெடு வைத்தார். பாய் நோன்போடு ஓடினார். அப்போது வந்திருந்ததிலேயே புதுசான ப்ராசஸரை வாங்கிவிட்டார். அதன் மேலும் ‘1’.

பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து அவர் வீட்டில் மாட்டினோம். நானும் போயிருந்தேன். பாய் பிஸ்மில்லா சொல்லி ப்ராசஸரை வைத்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பட்டனை அமுக்கியதும் ஃபேன் சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினோம். ஊஹும்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான். ப்ராசஸர் உட்காருகிற சாக்கெட் சரிதான். ஆனால் போர்டு பழசு. அதற்குள் எழுதி வைத்திருக்கிற புரோகிராமுக்கு, அதற்கப்புறம் வந்த இந்த ப்ராசஸரை யாரென்றே தெரியாது. அந்தக் காலத்து ப்ராசஸர் ஒன்றைக் கொண்டு வந்து மாட்டி, உள்ளே இருப்பதைப் புதுப்பித்தால் ஓடிவிடும். ஆலங்காயம் முழுக்கத் தேடினாலும் அந்தப் பழைய ப்ராசஸர் கிடைக்காது, சென்னைக்குத்தான் அனுப்பவேண்டும், பெருநாள் லீவு வேறு என்றான்.

பாய் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டும் ஒண்ணாம் நம்பர்தானேம்மா” என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர் ஆயுசு முழுக்கத் தரம் பார்த்தது தோலை. ஒரு தோல் இன்னொரு தோலோடு ஒத்துப்போகிறதா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. சாக்கெட் வரைக்கும் சரியாகப் பார்த்தவர், ஒன்றை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு இன்னொன்றுக்காகக் காத்திருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்னையிலிருந்து போர்டு திரும்பி வந்தபோது கெடு தாண்டி, இன்ஜினியர் வேலை வேறு ஆளுக்குப் போய், நஸ்ரின் பெங்களூர் போய்விட்டிருந்தாள். கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து, நேரத்துக்குச் சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அவள் கோபித்திருந்தால் பாய்க்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

கம்ப்யூட்டர் இப்போது ஜோராக ஓடுகிறது. அதை ஓட்டத்தான் வீட்டில் ஆளில்லை. பாய் சும்மா விடுவாரா? பெட்டியையும் மானிட்டரையும் சாக்கில் கட்டி, பெங்களூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்கும் டிக்கெட் எடுத்து உட்கார வைத்து, ஹாஸ்டல் வாசலில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே ஒரு அறையில் நாலு பெண்கள், ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதுவும் போன் சார்ஜ் போட. வார்டன் அம்மா பெட்டியைப் பார்த்து, இதை எங்கே வைப்பது, என் தலையிலா என்று கேட்டாராம். திரும்பவும் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வந்த அன்று என் கடைக்குத்தான் நேராக வந்தார். சாக்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கேலி செய்யட்டும் என்று எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் டீக்குச் சொல்லி அனுப்பினேன். அவரே பேசினார்.

“அவள பக்கத்துல வெச்சிக்கணும்னுதாம்மா அவ்ளோ பாத்தேன். பாத்துக்கினே இருந்துட்டேன்.”

நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெராக்ஸ் கேட்டு யாரோ வந்தார்கள், அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

இப்போதெல்லாம் சனி, ஞாயிறு என்றால் பாய் மகளைப் பார்க்க பெங்களூர் போய்விடுவார். அந்த இரண்டு நாளும் குறுக்கே பேச ஆளில்லாமல் என் வேலை வெயில் தாழ்வதற்குள் முடிந்துவிடுகிறது. முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல், வாணியம்பாடி பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் யார் இறங்குகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.