பதினோராயிரத்து நானூறு இதயங்கள்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது என்று கதையைத் தொடங்கினால் மாசிலாமணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஒரு காட்டில் ஒரு தொழிலதிபர் இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டுமாம். சரி, சொல்லித் தொலைப்போம். இருந்தார். தேன் வியாபாரம். ஆற்றோரத்துப் பெரிய வேங்கை மரமும் அதில் தொங்கிய அடைகளும் அவர் கையில் இருந்தன. சும்மா இல்லை. வருஷா வருஷம் சித்திரைப் பௌர்ணமியன்று சிங்கராஜா வீட்டுக்கு நாற்பது பானைத் தேன் போய்ச் சேர வேண்டும். ஒரு பானை குறைந்தாலும் மரம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வியாபாரம் நடந்த விதம் ரொம்ப எளிது. காலையில் மரங்கொத்தி கொண்டையப்பன் உச்சிக்கிளையில் டொக் டொக்கென்று தட்டி, புதுத் தேன் வந்திருக்கிறது என்று கூவுவார். வருகிறவர் உள்ளங்கையில் மாசிலாமணி ஒரு சொட்டு விடுவார். நக்கிப் பார்த்தவர் பானையோடுதான் திரும்புவார். அப்பா காலத்திலிருந்து அதுதான் முறை.

அப்புறம் காட்டுக்குள் செல்போன் வந்தது. மான் நடந்துகொண்டே பார்த்தது. புலி மானைத் துரத்துவதைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்த்தது. எல்லாரும் காதில் எதையோ செருகிக்கொண்டதில் கொண்டையப்பன் தட்டியது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கடைப்பக்கம் ஈ காக்கா வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வெல்லம் விற்ற காட்டுப்பன்றி இப்படித்தான், சரக்கு மூட்டை மூட்டையாகக் கிடக்கக் கிடக்க, கடையை இழுத்து மூடியது. அடுத்தது தன் கடைதான் என்று மாசிலாமணி கணக்குப் போட்டார்.

ஆலோசகர் நந்தகோபால் வரவழைக்கப்பட்டார். நரிதான், வேறு யார்? கழுத்தில் ஓர் அடையாள அட்டை தொங்கியது. எந்தக் கம்பெனி அட்டை என்று யாரும் கேட்கவில்லை. மணலில் இரண்டு வட்டம் போட்டு, நடுவில் ஓர் அம்புக்குறி கிழித்து, அரை நாள் விளக்கினார். தேனை இனிமேல் கொடுக்கக் கூடாது, காட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

"தேனை யாரும் வாங்கறதில்லை சார். நீங்க நக்கறதைத்தான் வாங்கறாங்க."

மாசிலாமணி கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள். ஆனாலும் மரத்தை நினைத்துக்கொண்டு சரி என்றார். கொண்டையப்பனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மாசிலாமணி முழங்கைவரை பானைக்குள் விட்டு, மெதுவாக நக்கி, கண்ணை மூடி ஆஹா என்றார். அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். ஆறு இதயங்கள் விழுந்தன. ஆறும் நந்தகோபால் வீட்டு ஆட்கள்.

முதலில் சொந்தத் தொழிலாளிகள் இதயம் அழுத்த வேண்டும், அதைப் பார்த்துத்தான் வெளியாள் வருவான் என்றார் நந்தகோபால். உடனே தேனீக்கு ஒன்றாக எள்ளளவு செல்போன் வழங்கப்பட்டது. தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் முதலாளியின் வீடியோவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவும் போனது.

இரண்டு மாதத்தில் பதினோராயிரத்து நானூறு இதயங்கள்! மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. மாறும் காலத்தில் தலைமை என்ற தலைப்பில் மற்ற முதலாளிகளுக்கு வகுப்பெடுத்தார். பால் வியாபாரி எருமை ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டது. கடைக்கு மட்டும் இன்னும் யாரும் வரவில்லை. வருவார்கள், சூடேறிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் நந்தகோபால்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு கொண்டையப்பன் வந்தார். பொன்னாடையை மடித்து இறக்கைக்கடியில் வைத்திருந்தார். மரத்தில் ரீங்காரமே கேட்கவில்லை, ஏறிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மாசிலாமணி ஏறிப் பார்த்தார். அடைகள் காய்ந்து கிடந்தன. தேனீக்கள் இறக்கையை மடித்து, தலையைக் குனிந்து வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ராணியம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"உங்களைத்தான் முதலாளி. அந்த முழங்கையை நக்குற இடம் இருக்கே, அதைத் திரும்பத் திரும்பப் பாக்கறோம்."

மாசிலாமணி கிளையில் உட்கார்ந்து தலைகளை எண்ணினார். பதினோராயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. மிச்சம் ஆறு யார் என்று அவருக்கே தெரியும். பாவம், அழுதுவிட்டார். புது வீடியோவாக்கும் என்று நினைத்துச் சில தேனீக்கள் அதற்கும் இதயம் தேடின.

பௌர்ணமியன்று வெறுங்கையோடு ராஜா வீட்டுக்குப் போனார். ராஜா கட்டிலில் படுத்துச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுத் தேன்கூட இல்லை என்று மாசிலாமணி சொல்லி முடிப்பதற்குள் ராஜா கையமர்த்தினார்.

"தேனா? எனக்குச் சர்க்கரை ஏறி ரெண்டு வருஷம் ஆச்சு. போன வருஷத்துப் பானையெல்லாம் கொல்லையில எறும்பு மொய்க்குது. நீ நக்கறதைப் பாத்துத்தான் நான் நாளை ஓட்டறேன். ஒரு நாள் நிறுத்தினாலும் மரம் உனக்கில்லை."

ராஜா இதுவரை ஒரு இதயமும் அழுத்தவில்லையே என்று மாசிலாமணி தயங்கித் தயங்கிக் கேட்டார். ராஜாக்கள் யாருக்கும் அழுத்துவதில்லை என்று பதில் வந்தது.

மரம் பிழைத்தது. ஆனால் தினமும் நக்க வேண்டுமே, எதை நக்குவது? மாசிலாமணி நேராகக் காட்டுப்பன்றியிடம் போய் வெல்ல மூட்டைகளைத் தூக்கிவந்து பாகு காய்ச்சினார். மறுநாள் முழங்கைவரை பாகில் விட்டு, நக்கி, ஆஹா, மலைத்தேன் என்றார். கூசாமல்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீடியோ வழியாக முதல் ஆர்டர் வந்தது. நாற்பது பானை. முகவரி: வேங்கை மரம், மேல்கிளை. பார்த்துப் பார்த்து நாக்கு ஊறுகிறது, பூப்பக்கம் போக எங்களுக்கு நேரமில்லை என்று கீழே ராணியம்மா எழுதியிருந்தார்.

பானைகளோடு மரமேறினார் மாசிலாமணி. கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டு ருசி காட்டுவது அப்பா காலத்து முறை. அது மட்டும் அவரை விடவில்லை. இந்தக் காட்டில் தேன் எது, பாகு எது என்று நிச்சயமாகத் தெரிந்தவர் ராணியம்மா ஒருத்திதான். ஆனாலும் ஒரு சொட்டு விட்டார். ராணியம்மா செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் உறிஞ்சினார்.

"இப்படி ஒரு தேனை எங்க வம்சத்துல யாரும் செஞ்சதே இல்ல முதலாளி."

தொழிலதிபர்கள் எழுதிக்கொள்ள வேண்டிய நீதி: தேன் செய்யத் தெரிந்தவர் கையில் முதலில் ஒரு செல்போனைக் கொடுங்கள், அப்புறம் பாகைத் தேன் என்று அவரிடமே விற்கலாம்.