துடைக்கும் துணிக்கு வயது முப்பத்தெட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே அந்த மாடி வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. ஓடுவதற்கென்றே செய்த, விலை கூடிய காலணிகளும் அந்தக் குவியலில் கிடந்தன. அணிந்து வந்தவர்கள் அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு படியேறினார்கள். எதற்கு? உடற்பயிற்சி செய்ய!

மேலே இருந்தவரை எல்லாரும் மிதியடியார் என்று அழைத்தார்கள். செருப்புக்குத் தடை போட்டவருக்கு அப்படி ஒரு பெயர் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்தக் கூட்டமே கூடியிருக்காது.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் உடற்பயிற்சிச் சாதனங்கள் விற்கும் கடையில் விற்பனையாளர். நின்றபடியே மிதிக்கும் எலிப்டிக்கல் இயந்திரம் இருக்கிறதே, கால்களுக்கு இரண்டு பலகை, கைகளுக்கு இரண்டு பிடி, முகத்துக்கு நேரே ஒரு சின்னத் திரை, அது அந்தக் கடையில் விலைபோகாமல் தூசி தின்றது. வாங்கியவர்களும் ஒரு வாரம் மிதிப்பார்கள். எட்டாம் நாள் அதன்மேல் ஈரத்துணி காயப்போடுவார்கள். கடை திவாலானது. மூடிய கடைக்குள் கடைசியாகப் போனவர் விற்பனையாளர். வெளியே வந்தவர் ஞானி.

"முன்னால மிதிச்சா வயசு முன்னால போகும். பின்னால மிதிச்சா வயசு பின்னால வரும்!"

இவ்வளவுதான் அவருடைய தத்துவம். கேட்டவர்கள் "அடேயப்பா!" என்றார்கள். விற்காத இயந்திரங்களெல்லாம் 'உயிர் ஏற்றிய' இயந்திரங்கள் ஆயின. மூன்று மடங்கு விலைக்கு வீடு வீடாகப் போயின.

ஆதாரம் வேண்டாமா? வைத்திருந்தார். பிடிகளில் உலோகத் தகடு உண்டு. உள்ளங்கை பட்டால் நெஞ்சுத் துடிப்பைத் திரை காட்டும். பக்கத்திலேயே 'வயது' என்று இன்னொரு எண். சீடர்கள் அந்தத் திரையைப் பார்க்கக் கூடாது, அதன்மேல் பட்டுத்துணி. மிதியடியார் மட்டும் துணிக்குள் கையை விடுவார், கண்ணை மூடுவார், பிறகு துணியை விலக்கிக் காட்டுவார். போன வாரம் ஐம்பது காட்டியவருக்கு இந்த வாரம் நாற்பத்தாறு! அழாதவர் இல்லை.

விதிகளும் உண்டு. வெறுங்கால். மூடிய கண். பின்பக்க மிதி. நடுவில் தண்ணீர் கூடாது. மாத்திரை கூடவே கூடாது. அது வயதை மேலே ஏற்றும். தலை சுற்றினால் வயது இறங்குகிறதாம். முழங்கால் வலித்தால் முதுமை வெளியேறுகிறதாம். ஒரு பெண்மணி மிதியிலிருந்து வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டபோது, "பழைய வயசு உதிர்ந்தது" என்றார் மிதியடியார். உதிர்ந்தது பல்தான் என்று அந்தப் பெண்மணிக்கே தோன்றவில்லை.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வயது அறுபத்தொன்று. இரண்டு வருடங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். தினம் இரண்டு மாத்திரை. அவர் மனைவி தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருந்தாள். தெருவே அவளைக் கடையம்மா என்றுதான் கூப்பிடும்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, கடையம்மா அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"ஏங்க, இந்த மாத்திரை அட்டை பதினோரு நாளா பிரிக்காமலே இருக்கு?"

"விட்டுட்டேன்."

"டாக்டர் விடச் சொன்னாரா?"

"டாக்டர் கணக்குல எனக்கு அறுபத்தொண்ணு. மிதியடியார் மிஷின்ல முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு வயசுக்காரன் எதுக்கும்மா பிரஷர் மாத்திரை முழுங்கணும்?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினீங்களே, எத்தனை தடவை ரிவர்ஸ் எடுத்திருப்பீங்க? அப்பல்லாம் வயசு குறைஞ்சிருந்தா இந்நேரம் உங்களைத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டிருப்பேன்."

"குதர்க்கம் பேசாதே. நாளைக்கு எனக்கு மூவாயிரம் மிதி. நிறுத்தாம மிதிச்சு முடிச்சா இருபத்தஞ்சுன்னு சொல்லியிருக்காரு."

"எனக்கு அம்பத்தாறு ஆகுது. இருபத்தஞ்சு வயசுப் பையனை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது?"

வாய்தான் கிண்டல் செய்தது. மனுஷன் நாலு நாளாகப் படியேறும்போது நடுவில் நின்று நின்று ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மூவாயிரம் மிதியில் இந்த நெஞ்சு என்னவாகும் என்று நினைத்தாள்.

கவலை வந்தால் எதையாவது துடைப்பது அவள் வழக்கம். வீட்டிலும் ஓர் உயிர் ஏற்றிய இயந்திரம் இருந்தது. பட்டுத்துணியை விலக்கி அதைத் துடைத்துவிட்டு ஈரத்துணியை இரண்டு பிடிகளுக்கும் குறுக்கே போட்டாள். 'பீப்' என்றது இயந்திரம். திரையில் துடிப்பு எழுபத்து நான்கு.

"ஏங்க! இங்க வாங்க! துணிக்கு நெஞ்சு துடிக்குது!"

டிரைவர் வந்து பார்த்தார். கைகூப்பினார். "உயிர் ஏத்தின மிஷின்னா சும்மாவா? துணிக்கே உயிர் குடுக்குது பாரு!"

கடையம்மாவுக்கு ஒன்று புரிந்தது. வீட்டுக்குள் சொன்னால் எடுபடாது. அவள் தினமும் கடையைத் திறந்ததும் முதலில் காலித் தராசைத்தான் பார்ப்பாள். ஒன்றும் வைக்காத தட்டு பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதில் ஒரு கத்தரிக்காய்கூட ஏறாது. ஊருக்கே வயது நிறுத்துப் போடும் இந்தத் தராசை யாராவது காலியாக நிறுத்துப் பார்த்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் நாற்பது பேர், இரண்டு இயந்திரங்கள், ஊதுவத்திப் புகை.

"முப்பத்தெட்டு வயசு டிரைவர் தம்பி, வாங்க!" என்றார் மிதியடியார். தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"சாமி, ஒரு நிமிஷம்," என்று எழுந்தாள் கடையம்மா. "அவருக்கு முன்னாடி ஒரு புது ஆளுக்கு வயசு பாக்கணும்."

"யாரும்மா? வரச் சொல்லுங்க."

அவள் பையிலிருந்து ஒரு நீளப் புடலங்காயை எடுத்தாள்.

கூட்டம் சிரித்தது. மிதியடியாரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் காயின் இரண்டு முனைகளையும் நறுக்கி, வெட்டுவாய் இரண்டும் தகடுகளில் படும்படி குறுக்கே வைத்துவிட்டாள். பட்டுத்துணியை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பீப். துடிப்பு எழுபத்திரண்டு. வயது இருபத்தைந்து.

"நேத்துப் பறிச்ச காய்," என்றாள் கடையம்மா. "இருபத்தஞ்சு வயசுன்னு காட்டுது. இத்தனை நாளா கிலோ கணக்குல வித்துட்டேனே, பெரியவங்களை!"

"அம்மா," மிதியடியார் குரலைத் தாழ்த்தினார். "காய்க்கும் உயிர் உண்டு. இந்த மிஷின் உயிரைத்தான் பாக்கும். உருவத்தைப் பாக்காது."

"ஆகா!" என்றது கூட்டம். முன்வரிசையில் ஒருவர் அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார்.

கடையம்மா அசரவில்லை. மூலையில் ஒரு வாளி இருந்தது. காலையில் தரை துடைத்த துணி அதில் ஊறிக்கொண்டிருந்தது. எடுத்தாள், பிழிந்தாள், பிடிகளுக்குக் குறுக்கே போட்டாள்.

பீப். துடிப்பு எண்பத்தொன்று. வயது இருபத்தைந்து.

"சாமி, இதுக்கும் உயிர் உண்டா?"

"அது... அது நான் நடந்த தரையைத் துடைச்ச துணி. அருள் ஏறியிருக்கு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் பணிவாகக் கேட்டது: "அந்தத் துணியை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாங்களா?"

சிரிக்காதீர்கள். நல்ல படிப்பு படித்தவர். பெரிய அலுவலகத்தில் முப்பது பேருக்கு மேலதிகாரி.

டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "போதும், என் மானத்தை வாங்காதே! புடலங்காய்க்கு என்ன காட்டினா எனக்கென்ன? எனக்கு முப்பத்தெட்டு காட்டுச்சு. என் கண்ணால பாத்தேன்." ஒரு காலைத் தூக்கி மிதிபலகையில் வைத்தார்.

"முப்பத்தெட்டுதானே? இருங்க."

திரைக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் மேல்நோக்கிய அம்பு, ஒன்றில் கீழ்நோக்கிய அம்பு. கடையம்மா மேல் அம்பை அழுத்தினாள். வயது இருபத்தாறு. மறுபடி அழுத்தினாள். இருபத்தேழு. கூட்டம் தன்னை அறியாமல் கூடவே எண்ணியது. "முப்பத்தாறு... முப்பத்தேழு..."

முப்பத்தெட்டில் விரலை எடுத்தாள். துணி சொட்டிக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சு எண்பத்தொன்று துடித்துக்கொண்டிருந்தது.

"பாத்துக்கோங்க. இது உங்க வயசு. தரை துடைக்கிற துணிக்கும் அதே வயசு. ரெண்டு பேருக்கும் பிரஷர் மாத்திரை வேண்டாம். துணிக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு ஆச்சுன்னா நான் யாருகிட்ட போய் நிப்பேன்?"

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது.

டிரைவர் குனிந்து திரையைப் பார்த்தார். முப்பது வருடம் மீட்டர் முள்ளைப் பார்த்து ஓட்டிய கண். கீழ் அம்பை ஒருமுறை அழுத்தினார். முப்பத்தேழு. மேல் அம்பை அழுத்தினார். முப்பத்தெட்டு. காலை மெல்லக் கீழே இறக்கினார்.

"இது மீட்டரே இல்ல," என்றார். "கடிகாரத்துல அலாரம் வைக்கிறோமே, அந்த மாதிரி. நாம வைக்கிறதைத்தான் காட்டுது. நம்ம வயசை நாம சொல்லணும்னு மிஷின் கேக்குது, ஒண்ணும் சொல்லாட்டி அதுவா இருபத்தஞ்சுன்னு வச்சுக்குது." பிறகு நிமிர்ந்தார். "ஏன் சாமி, பட்டுத்துணிக்குள்ள கையை விட்டு ஆசீர்வாதம் பண்ணீங்களே, அப்ப உங்க கட்டைவிரல் எங்க இருந்துச்சு?"

அவ்வளவுதான். நாற்பது பேரும் இயந்திரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுக்கு ஆள் பொத்தானை அழுத்தினார்கள். பல் உடைந்த பெண்மணி பதினெட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "இப்படியே இருக்கட்டும், யாரும் தொடாதீங்க" என்று தள்ளி நின்று ரசித்தார்.

மிதியடியார் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இரண்டாவது இயந்திரத்தில் தாவி ஏறினார். "நம்பாதவங்க பாருங்க! என் வயசு பதினாறு!" என்று கத்திக்கொண்டே கண்ணை மூடி, வெறுங்காலோடு, பின்பக்கமாக வெறிகொண்டு மிதித்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்து வாசலைப் பார்த்தார். வழி காலியாக இருந்தது. குதித்தார்.

மனிதர் குதித்துவிட்டார். மிதிபலகை நிற்கவில்லை. சுழன்று வந்து அவர் கணுக்காலில் ஒன்று கொடுத்தது. அந்த இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவரே நம்பியிருப்பார்.

நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசை மருத்துவமனைக்கு ஓடினார்கள். சீட்டு எழுதும் பெண் தலை நிமிராமல் கேட்டாள். "வயசு?"

"அம்பத்திநாலு," என்று முனகினார் மிதியடியார்.

"வலி மாத்திரை ஒத்துக்குமா?"

"எதுவா இருந்தாலும் குடும்மா தாயே, சீக்கிரம்!"

பக்கத்து அறையில், கடையம்மா கையோடு இழுத்து வந்திருந்த டிரைவரின் கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார்கள். நூற்றுத் தொண்ணூறு. டாக்டரம்மா பட்டையைக் கழற்றினார்.

"இந்த நிலையில மூவாயிரம் மிதிச்சிருந்தா உங்களை இங்க தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க. மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிங்க. நானா சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

"அந்த மிஷினை வித்துடவா டாக்டர்?" என்று கேட்டாள் கடையம்மா.

"எதுக்கு? மிஷின் என்ன பாவம் பண்ணுச்சு? மூட்டுக்கு அதிர்ச்சி குடுக்காத நல்ல பயிற்சிம்மா அது. பிரஷர் இறங்கட்டும், நான் பாத்துட்டுச் சொல்றேன், அப்புறம் மிதிக்கட்டும். ஷூ போட்டுக்கணும். முதல் அஞ்சு நிமிஷம் சும்மா நடக்கிற மாதிரி மெதுவா. முதுகு நிமிர்ந்து இருக்கணும், பிடியில சாஞ்சு தொங்கக் கூடாது. பாதம் முழுசாப் பலகையில படணும். தாகம் எடுத்தா தண்ணி குடிங்க. இறங்கறதுக்கு முன்னாடி வேகத்தைக் குறைச்சு, பலகை சுத்தமா நின்னப்புறம் கால் எடுங்க. அவசரப்பட்டா என்ன ஆகும்னு..." பக்கத்து அறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது. "தெரிஞ்சிருக்குமே. நெஞ்சு அழுத்தினாலோ தலை சுத்தினாலோ அந்த நிமிஷமே நிறுத்திட்டு வாங்க."

"பின்னால மிதிக்கவே கூடாதுங்களா?" டிரைவருக்கு ஆசை முழுதும் விடவில்லை.

"பழகினப்புறம் கொஞ்சம் மிதிங்க, கண்ணைத் திறந்துக்கிட்டு. தொடையில வேற தசைக்கு வேலை. வயசெல்லாம் குறையாது."

"எவ்வளவு வேகம்னு எப்படித் தெரியும் டாக்டர்? அந்தத் திரையை இனிமே நான் நம்பமாட்டேன்," என்றாள் கடையம்மா.

"மிதிச்சுக்கிட்டே உங்ககூடப் பேச முடியணும். வாக்கியம் பாதியில நின்னா வேகம் அதிகம்."

மூன்று வாரம் கழித்து, டாக்டரம்மா சரி என்ற பிறகு, டிரைவர் வீட்டில் இயந்திரம் மறுபடி சுழன்றது. காலில் ஷூ, திறந்த கண். மாத்திரை அட்டையில் அன்றைய குழிகள் காலி. பக்கத்தில் முக்காலி போட்டுக் கடையம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசுங்க. நீங்க பேசினாத்தான் எனக்கு வேகம் தெரியும்."

"என்னத்தைப் பேச?"

"நாப்பது பேரு, படிச்சவங்க, வேலைக்குப் போறவங்க. ஒருத்தர்கூட அந்தப் பட்டுத்துணியைத் தூக்கிப் பாக்கலையே, ஏன்? அதைச் சொல்லுங்க."

பலகை சுழன்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். டிரைவர் வாயே திறக்கவில்லை. கடையம்மா பதறிக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, மூச்சு வாங்குதா?"

"மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் டிரைவர். "பதில்தான் வரமாட்டேங்குது."

வராதுதான். எளிதில் வருகிற பதில் இல்லை அது. ஆனால் தேடாமல் விடாதீர்கள். காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டுத் தலையைச் சும்மா வைத்திருப்பவரின் வயதை, என்றைக்கும் இன்னொருவன் கட்டைவிரல்தான் எழுதிக்கொண்டிருக்கும்.