காத்து மாமு ஜெயித்துக் கொடுத்த டெஸ்ட்

காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் ஒருநாளும் ராயபுரம் பக்கம் வந்திருக்க மாட்டார். வந்திருந்தால் எங்கள் தெரு காத்து மாமுவைப் பார்த்துவிட்டு அந்தப் பாடத்தையே கிழித்துப் போட்டிருப்பார். காற்று எங்கே கிளம்புகிறது, எந்த முனையில் திரும்புகிறது என்பதெல்லாம் கர்த்தருக்கு அடுத்தபடியாக மாமுவுக்குத்தான் தெரியும். மாமுவைக் கேட்டால் அந்த வரிசையையும் மாற்றிச் சொல்வார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. அறுபதுகளின் கடைசி அப்போது. ஹார்பரில், தூரத்தில் நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் லாஞ்சில் அவருக்கு வேலை. கையில் எந்நேரமும் ஓர் ஆள் உயர மூங்கில் குச்சி, அதன் நுனியில் ஒரு சிவப்பு ரிப்பன். பூசைக்குப் போனாலும் குச்சியோடுதான் போவார். கோயில் வாசலில் அதைச் சாத்தி வைத்துவிட்டு, பிரசங்கம் முடிகிறவரை வாசலையே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

பைத்தியம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எங்கள் தெருவுக்கு மாமு இல்லாமல் பொழுது விடியாது. மேற்கே பேசின் பிரிட்ஜ். அந்தப் பக்கமிருந்து காற்று அடித்தால் ரயில் எஞ்சின்களின் கரியெல்லாம் எங்கள் துணிகளின் மேல்தான் வந்து உட்காரும். கிழக்கே கடல். கடல் காற்று என்றால் வெள்ளை வேட்டி வெள்ளையாகவே காயும். அதனால் துவைத்த துணி வாளியோடு பெண்கள் தினமும் காலையில் அவர் வாசலில் வந்து நிற்பார்கள்.

"மாமு, துணி போடலாமா?"

விரலை நாக்கில் நனைத்து ஒரு தூக்குத் தூக்குவார். "ஒம்போதரை வரிக்கும் போடாத. அப்பால தாராளமா போடு." சொன்னால் சொன்னதுதான். அந்த ஒருநாள் தவிர.

அந்த ஒருநாள், பிள்ளைகள் கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புது நன்மைக்கு முந்தின நாள். எதிர்வீட்டுத் தெரசா அக்காவின் மகள் உட்படத் தெருவில் பதினோரு பெண் பிள்ளைகளுக்குப் புது வெள்ளை கவுன். எல்லாவற்றையும் கஞ்சி போட்டு அலசிக்கொண்டு அக்காதான் தலைமை தாங்கி வந்தார். மாமு விரலைத் தூக்கினார். "கண்ண மூடிகினு போடு தெரசா. கடல் காத்து இன்னிக்கு உன் வூட்டு வேலக்காரன்" என்றார். அரைமணி நேரத்தில் வேலைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். மேற்குக் காற்று வந்தது. பதினோரு வெள்ளை கவுனும் புள்ளி போட்ட கவுனாகிவிட்டன.

"யோவ் மாமு! உன் காத்த இட்டுகினு போய் கடல்லயே கரைச்சிட்டு வா!" என்று அக்கா போட்ட சத்தம் காசிமேடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அதோடு முடிந்தது. யாரும் அவரிடம் துணியைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிக் காயப் போட்டார்கள். தெரு முழுக்க ஈர நாற்றம். மாமு மட்டும் வழக்கம்போல விரலை நனைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். வாளிகள் அவரைத் தாண்டிப் போகும். ஆறு மாதம் அப்படி நின்றார். எனக்குப் பார்க்கவே சகிக்காது.

மாமுவுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். ஆனால் அவர் ஆட்டம் பார்க்கிற விதம் வேறு. சேப்பாக்கத்தில் மட்டமான டிக்கெட்டில், மரப்பலகை வரிசையில், குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி உட்காருவார். ஒருவன் அவுட்டானால் "காத்து" என்பார். ஒருவன் சிக்ஸர் அடித்தாலும் "காத்து" என்பார். மழை வந்து ஆட்டம் நின்றால் "நான் இன்னா சொன்னேன்?" என்பார். ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டார்.

அந்த டெஸ்ட்டின் கடைசி நாள். வெளிநாட்டுக்காரர்கள் கையில் ஏழு விக்கெட் இருக்கிறது, அடிக்க வேண்டிய ரன்னோ கொஞ்சம்தான். ஹார்பரில் நான் வேலை பார்த்த ஆபீசில் அன்றைக்குப் பாதிப் பேருக்குப் பல்வலி. எனக்கும் வலித்தது. மாமு, நான், தெரசா அக்காவின் வீட்டுக்காரர் ஆரோக்கியம் மூன்று பேரும் கிளம்பினோம். ஆரோக்கியம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மாமுவைக் கிண்டல் செய்வதற்காகவே லீவு போட்டவர்.

கிளம்பும்போது மாமு நடுத்தெருவில் நின்று அறிவித்தார். "கடல் காத்து ரெண்டு மணிக்கு வரும். வந்தா ஆட்டம் நம்முது. வரலன்னா, தெரசா, இந்தக் குச்சிய ஒடிச்சி உன் அடுப்புல வச்சிரு. இனிமே காத்தப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்."

"ஒரு டம்ளர் டீக்குக் கூட காணாது மாமு" என்றார் அக்கா.

எனக்குப் பகீரென்றது. குச்சி இல்லாத மாமுவை நினைத்தே பார்க்க முடியவில்லை.

மட்டையோடு நின்றவர்கள் ஒரு நெட்டை, ஒரு குட்டை. இரண்டு பேரும் காலையிலிருந்து கல்லு மாதிரி நின்றுவிட்டார்கள். நம் சுழற்பந்துக்காரர் போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டார். காற்று சுத்தமாக இல்லை. ரிப்பன் ஈரத்துண்டு மாதிரி தொங்கியது. எங்கள் சட்டையெல்லாம் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"யோவ் பெர்சு! குச்சிய இறக்குயா, ஸ்டம்ப் தெர்ல!" என்று பின்வரிசை கத்தியது. ஆரஞ்சுத் தோல் ஒன்று பறந்து வந்து மாமுவின் தோளில் விழுந்தது. அவர் தட்டிவிடக்கூட இல்லை.

இரண்டு மணி ஆயிற்று. ஆரோக்கியம் கைக்கடிகாரத்தை மாமுவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "மாமு, அடுப்பு ரெடியா கீது."

"உன் வாச்சு ஸ்பீடு."

இரண்டே கால். நெட்டை ஒரு பவுண்டரி அடித்தான். மாமு கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"கம்முனு இரு. சங்கு ஊதுது."

"எனக்குக் கேக்கலயே?" என்றேன்.

"ஹார்பர்ல ஒரு கப்பல் ஊதுது. காத்து இந்தாண்ட திரும்பாம அது சேப்பாக்கத்துல கேக்காது நைனா." சொல்லிக்கொண்டே எழுந்து பலகை மேல் ஏறிவிட்டார்.

எங்களுக்கு நேர் முன்னால் பவுண்டரி ஓரத்தில் நின்ற ஃபீல்டர் தமிழ் தெரிந்த பையன். மாமு கையைக் குவித்து அவனைக் கூப்பிட்டார். "நைனா! உங்க கேப்டன் கைல சொல்லு! சுத்திப் போடறவர அந்தக் கோடிலேந்து போடச் சொல்லு! காத்து வந்துகினே கீது!"

ஃபீல்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். சுற்றிலும் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஓவர் முடிந்ததும் அந்தப் பையன் கேப்டன் பக்கம் ஓடிப்போய் என்னவோ சொன்னான். கேப்டன் எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார். தண்ணீர் கேட்கத்தான் போனான் என்று ஆரோக்கியம் இன்றைக்கும் சாதிக்கிறார். அவர் சொல்வதை நம்பாதீர்கள்.

சுழற்பந்துக்காரர் கோடி மாறினார். அதே நேரத்தில் ரிப்பனின் நுனி லேசாக ஆடியது. பிறகு எழும்பியது. பிறகு விறைத்துக்கொண்டு நீண்டு, பின்வரிசைக்காரரின் மூக்கில் போய் உரசியது. குளிர்ந்த உப்புக் காற்று எங்கள் முகத்தில் வந்து அடித்தது.

நெட்டை முன்காலை எடுத்து வைத்தான். நேராக வந்துகொண்டிருந்த பந்து, யாரோ கூப்பிட்ட மாதிரி பாதி வழியில் கொஞ்சம் விலகி விழுந்து, திரும்பி உள்ளே வந்து ஸ்டம்ப்பைத் தட்டியது. அடுத்த ஓவரில் குட்டை ஸ்லிப்பில் பிடிபட்டான். அப்புறம் வந்தவனெல்லாம் வந்த வழியே போனான். சேப்பாக்கமே கத்தியது.

"பெர்சு! குச்சிய தூக்குயா! இன்னும் மேல தூக்கு!" இப்படிக் கத்தியது யார் தெரியுமா? ஆரஞ்சுத் தோலை எறிந்த அதே பின்வரிசை. ஆரோக்கியம், அடுப்பு ரெடி என்ற அதே ஆரோக்கியம், மாமுவைத் தோளில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டார்.

கடைசி விக்கெட். இன்னும் ஒன்பது ரன் அடித்தால் அவர்கள் ஜெயித்துவிடுவார்கள். மட்டையாளன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினான். பந்து வானத்துக்குப் போயிற்று. அது இறங்கும் இடத்தில் அந்தத் தமிழ் தெரிந்த பையன்தான் கையை ஏந்தி நின்றான். ஒரே ஒரு குரல்தான் கேட்டது.

"பின்னால போ நைனா! காத்து தள்ளுது! ரெண்டு அடி பின்னால!"

பையன் யோசிக்கவே இல்லை. இரண்டு அடி பின்னால் போனான். பந்து அவன் கைக்குள் வந்து உட்கார்ந்தது. அவன் முதலில் கேப்டனிடம் ஓடவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, பந்தை மாமுவுக்குத் தூக்கிக் காட்டினான். நான் அழுதுவிட்டேன். சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க மாமுவின் பெயர்தான். அவர் மட்டும் அடக்கமாக உட்கார்ந்திருந்தார். "பந்து போட்டது அந்தப் புள்ள. காத்து மேலேந்து வந்துச்சி. நான் இன்னா பண்ணேன், வாயால சொன்னேன்" என்றார். பஸ் ஹார்பரைத் தாண்டியதும் என் தொடையைத் தட்டினார். "ஆனா கரீட்டா சொன்னேன்ல?"

"இருபது நிமிஷம் லேட்டு மாமு."

"அது வாச்சு ஸ்பீடு."

மறுநாள் பேப்பரில் சுழற்பந்துக்காரர் படம், கேப்டன் படம், கேட்ச் பிடித்த பையன் படம் எல்லாம் வந்திருந்தது. மாமுவைப் பற்றி ஒரு வரி இல்லை. பேப்பர்காரர்கள் அன்றும் இன்றும் அப்படித்தான். பின்னாளில் ஹார்பர் வேலையை விட்டு நானும் பேப்பரில் சேர்ந்து அந்த ஜாதியாகிவிட்டேன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

ஆனால் எங்கள் தெருவுக்குப் பேப்பர் தேவைப்படவில்லை. காலையில் தெரசா அக்கா வாளியோடு வந்து மாமுவின் வாசலில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமல், வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாமு, போடலாமா?"

மாமு விரலை நனைத்துத் தூக்கினார். வழக்கமாகக் கண் இமைக்கிற நேரம்தான் ஆகும். அன்றைக்கு வெகுநேரம் தூக்கியபடியே நின்றார். 

"போடும்மா."

பத்து நிமிஷத்தில் தெரு முழுக்கத் துணி. கயிறு கிடைக்காதவர்கள் சைக்கிள் மேல் போட்டார்கள். நான் பெட்டியில் இஸ்திரி போட்டு வைத்திருந்த என் ஒரே நல்ல வெள்ளைச் சட்டையை எடுத்து, குழாயடியில் நனைத்துக்கொண்டு வந்து மாமு கண்ணில் படுகிற மாதிரி காயப் போட்டேன். கரியே வந்து கொட்டியிருந்தாலும் அன்றைக்கு எங்கள் தெருவில் ஒருத்தரும் துணியை எடுத்திருக்க மாட்டோம்.